கொழுந்து மடுவத்திலிருந்து கியூ.ஏ. வரை: மென்பொருள் தர உறுதியைச் சேவையாக வாங்குவது என்றால் என்ன?

ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு பிள்ளை "கியூ.ஏ. வேலை செய்கிறேன்" என்றால், வீட்டில் உள்ளவர்கள் கம்ப்யூட்டரில் எதையோ அழுத்திப் பார்த்துப் பிழை பிடிக்கிற வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த வேலையைக் காசு கொடுத்து வாங்குகிற கம்பனிக்காரர் மாதத்துக்கு இத்தனை ஆள், ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார். "எங்களிடம் கியூ.ஏ. சேவை உண்டு, எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம் குறைக்கலாம்" என்று விற்கிறவர்களிலும் பலர் ஆள் அனுப்புவதைத்தான் அந்தப் பெயரில் விற்கிறார்கள். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சேவை எப்படி ஓடுகிறது, எது கூடிக் குறையலாம், எது குறையவே கூடாது என்பது இந்தப் பேச்சில் அகப்படுவதில்லை. அதை அடியிலிருந்து பார்ப்போம். மலையகத்தவருக்கு இதைச் சொல்லத் தேயிலையை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

தரம் எங்கே தீர்மானமாகிறது?

தேயிலையை ருசி பார்க்க ஒரு முறை இருக்கிறது. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊற விடுவது. ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தரநியமம் சொல்லும் அளவு இது. இப்படி ஊற்றி வைத்த சாயத்தை ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, "இது புகை வாடை", "இது சூடு கூடிக் கருகியது" என்று டேஸ்டர் சொல்லிவிடுவார். சொல்வதில் பிழை வராது. ஆனால் அவர் சொல்லும்போது தேயிலை செய்து முடிந்து, சாக்கில் ஏறியாயிற்று. இனி விலை குறையும், அவ்வளவுதான்.

அந்தப் பிழை நடந்த இடம் வேறு. ஏழு நாளில் திரும்ப வேண்டிய சுற்று பன்னிரண்டு நாளானதால் மலையில் இலை முத்தியிருக்கலாம். சாக்கில் அமுக்கிக் கட்டியதால் கொழுந்து சூடேறிச் சிவந்திருக்கலாம். தொழிற்சாலையான ஸ்டோரில் வாட்டுப் போதாமல் போயிருக்கலாம். அதனால்தான் மடுவத்தில் நிறுக்கும்போதே கங்காணி கூடையைக் கிளறி முத்தல் இலையைப் பொறுக்கி எறிகிறார். டீமேக்கர் இரவில் எழுந்து வாட்டுத் தட்டைத் தொட்டுப் பார்க்கிறார்.

மென்பொருளிலும் இப்படித்தான். செய்து முடித்ததை இயக்கிப் பார்த்துப் பிழை தேடுவது டெஸ்டிங். பிழை உள்ளே வராதபடியும், வந்தால் சீக்கிரம் அகப்படும்படியும் வேலையின் முழுப் பாதையையும் ஒழுங்குபடுத்துவது தர உறுதி, அதைத்தான் கியூ.ஏ. என்கிறார்கள். டெஸ்டிங் இல்லாமல் கியூ.ஏ. கிடையாது. டெஸ்டிங் மட்டுமே கியூ.ஏ. என்று நினைத்தால், டேஸ்டர் இருக்கிறார் என்பதற்காக மடுவத்தைப் பூட்டிய கதை ஆகிவிடும்.

இந்த வேறுபாட்டின் விலை அமெரிக்காவில் ஒருமுறை நன்றாகவே தெரிந்தது. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி, நைட் கெப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனம் தன் எட்டு சேர்வர்களில் புதிய மென்பொருளை ஏற்றியபோது ஒன்றை விட்டுவிட்டது. அந்த ஒன்றில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, ஏறத்தாழ 45 நிமிடங்களுக்குக் கண்டபடி பங்குகளை வாங்கி விற்றது. நட்டம் 44 கோடி டொலருக்கு மேல். எட்டிலும் ஏறியதா என்று இரண்டாம் ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறை அங்கே இல்லை. அழுத்திப் பார்க்கும் டெஸ்டரை எத்தனை பேர் வைத்திருந்தாலும் அந்த ஓட்டை அடைபட்டிருக்காது.

இதுவரை: டெஸ்டிங் முடிந்த பொருளைப் பார்க்கிறது, கியூ.ஏ. பொருள் வரும் பாதையைப் பார்க்கிறது. சேவையாக வாங்கும்போது இரண்டும் சேர்ந்து வருகிறதா என்று கேட்க வேண்டும்.

டெஸ்டர் எதைப் பார்க்கிறார்?

"அழுத்திப் பார்க்கிற வேலை" என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஒரு தோட்டத்துச் சம்பளச் செயலி. தொழிலாளியைப் பதியும் திரையில் தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்கிறது. பழைய அட்டையில் 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். 2016இலிருந்து வரும் புதிய அட்டையில் 12 இலக்கம். பழையதில் முதல் இரண்டும் புதியதில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாம் நாள் பிறந்தார் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும்.

புதிதாக வந்தவர் தன் அட்டை இலக்கத்தைப் போட்டுப் பார்ப்பார். ஏற்றுக்கொண்டது, சரி என்று எழுதிவிடுவார். பழகிய டெஸ்டர் அந்த மூன்று இலக்கத்தில்தான் கண் வைப்பார். ஆணுக்கு 001 முதல் 366, பெண்ணுக்கு 501 முதல் 866. எனவே அவர் போட்டுப் பார்க்கும் எண்கள் 000, 001, 366, 367, 500, 501, 866, 867. நடுவில் உள்ள 120ஐயோ 640ஐயோ எத்தனை தடவை போட்டாலும் புதிதாக ஒன்றும் தெரியவராது. நிரல் எழுதுகிறவர் தடுமாறுவது ஓரங்களில்தான். "366 வரை" என்பதை "366க்குக் கீழ்" என்று எழுதிவிடுவது அன்றாடம் நடக்கிற பிழை. அப்படி எழுதிவிட்டால் டிசம்பர் 31இல் பிறந்த ஆண் எவரையும் செயலி பதியாது. ஓரத்து எண்களைத் தேடிச் சோதிக்கும் இந்த முறைக்கு எல்லை மதிப்புச் சோதனை என்று பெயர்.

இன்னொரு முடிச்சும் உண்டு. அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் 366 நாள். நெட்டாண்டோ இல்லையோ, மார்ச் 1 எப்போதும் 061தான். நிரல் எழுதியவர் சாதாரண நாட்காட்டிக் கணக்கைப் போட்டிருந்தால், நெட்டாண்டு அல்லாத ஆண்டுகளில் மார்ச் 1 முதல் பிறந்த எல்லோருடைய பிறந்த நாளும் ஒரு நாள் தள்ளி விழும். செயலி நிற்காது, சிவப்பு எழுத்தில் எச்சரிக்காது. ஓய்வுபெறும் நாளில் ஊழியர் சேமலாப நிதிக் காசுக்குப் போகும்போதுதான் பிறந்த தேதி பொருந்தவில்லை என்ற பேச்சு எழும். சத்தம் போட்டு உடைகிற பிழையை யாரும் கண்டுபிடிப்பார்கள். சத்தமில்லாமல் தவறான விடை தரும் பிழைக்குத்தான் டெஸ்டர் தேவை.

"இன்ன எண்ணைப் போடு, இன்ன விடை வர வேண்டும்" என்று எழுதி வைக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் டெஸ்ட் கேஸ் என்று பெயர். எழுதி வைப்பது என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கே திரும்பி வருவோம்.

கண்டதை எப்படிச் சொல்வது?

மென்பொருளில் இருக்கும் பிழை பக். அதைக் கண்டுபிடித்தால் வேலை பாதிதான். சொல்கிற விதத்தில் மீதிப் பாதி.

அதே செயலியில் மடுவத்தில் கொழுந்து நிறுப்பதற்கும் ஒரு திரை இருக்கிறது என்று வைப்போம். "சில நேரம் கிலோ பிழையாக வருகிறது" என்று ஒருவர் எழுதுகிறார். நிரல் எழுதுகிறவர் தன் மேசையில் போட்டுப் பார்ப்பார், சரியாக வரும். "எனக்கு வரவில்லை" என்று மூடிவிடுவார். இருவர் நேரமும் வீண்.

தேர்ந்த டெஸ்டர் எழுதுவது இப்படி இருக்கும்: "அனுப்பும்போது சிக்னல் போனால் அதே நிறுவை இரண்டு முறை பதிவாகிறது. போன்: அண்ட்ரொய்ட் 11, செயலிப் பதிப்பு 2.3. படி ஒன்று: 22 கிலோ நிறுவையைப் பதிந்து 'அனுப்பு' அழுத்தவும். படி இரண்டு: இரண்டு விநாடிக்குள் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றவும். படி மூன்று: ஒரு நிமிடம் கழித்து மீண்டும் இணைக்கவும். வர வேண்டியது: 22 கிலோ. வந்தது: 44 கிலோ. ஐந்து தடவையில் நான்கு தடவை இப்படி. திரையைப் பிடித்த படம் இணைப்பில்."

இதைப் படிக்கிற நிரலாளருக்குக் காரணம் உடனே பொறி தட்டும். முதல் தடவை அனுப்பியது சேர்வருக்குப் போய்விட்டது; "கிடைத்தது" என்ற பதில் போனுக்குத் திரும்புமுன் சிக்னல் அறுந்தது. போன், போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பியது. ஒவ்வொரு நிறுவைக்கும் தனி அடையாள எண் வைத்து, அதே எண் மறுபடி வந்தால் சேர்வர் ஏற்காதபடி செய்தால் தீர்ந்தது. மூடுபனியும் மலை மடிப்பும் சிக்னலை விழுங்கும் இடங்களில் இந்த பக் நாளுக்குப் பத்து முறை தலைகாட்டும். நல்ல வைஃபை உள்ள அலுவலகத்தில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தாலும் கண்ணில் படாது.

பக்குக்கு இரண்டு முத்திரை குத்துவார்கள். எவ்வளவு சேதம் செய்கிறது என்பது கடுமை. எவ்வளவு சீக்கிரம் திருத்த வேண்டும் என்பது அவசரம். இரண்டும் ஒன்று என்று நினைத்துக் குழப்புகிறவர்கள் நிறைய. சம்பளச் சீட்டில் தோட்டத்தின் பெயர் எழுத்துப்பிழையோடு வந்தால் சேதம் சிறிது, ஆனால் நாளைக்குச் சம்பளம் என்றால் அவசரம் பெரிது. தீபாவளி முற்பணக் கழிவு பிழைத்தால் சேதம் பெரிது. ஆனால் அது ஜனவரியில் கண்டுபிடிபட்டு, அடுத்த முற்பணம் ஒக்டோபரில்தான் என்றால் இந்த வாரமே பாயத் தேவையில்லை. கடுமையை டெஸ்டர் சொல்வார், அவசரத்தைப் பொருளின் சொந்தக்காரர் சொல்ல வேண்டும்.

செக்ரோல், கைக்காசு, கொந்தரப்பு

இனிச் "சேவை" என்ற சொல்லுக்கு வருவோம். தோட்டத்தில் வேலை வாங்கும் வழிகளை நினைத்துப் பாருங்கள். செக்ரோலில் பெயர் உள்ளவர் நிரந்தர ஆள், கொழுந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் தோட்டத்து ஆள். கைக்காசு என்பது கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றைக்கன்று எடுப்பது. கொந்தரப்பு, "இந்த மலையைக் கவ்வாத்து வெட்டி முடி, இவ்வளவு தருகிறேன்" என்பது.

மென்பொருள் கம்பனிக்கும் இந்த மூன்றும் உண்டு. சொந்த டெஸ்டரைச் சம்பளத்துக்கு வைக்கலாம். மணித்தியாலக் கணக்கில் தனி ஆளைப் பிடிக்கலாம். "இந்தச் செயலியை ஒருமுறை முழுதாகப் பார்த்துக்கொடு" என்று ஒட்டுமொத்தமாகக் கொடுக்கலாம். கியூ.ஏ. சேவை இவற்றில் எதுவும் இல்லை, நான்காவது வகை. ஒரு கங்காணியும் அவருடைய கூட்டமும் மாதாமாதம் உங்கள் மலைக்கு என்று ஒதுக்கப்பட்டிருப்பது போல. கூட்டத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய நிரையை மற்றவர் சேர்த்து எடுப்பார். கங்காணிக்கு எந்த நிரையில் எது எப்படி என்று தெரியும். கொழுந்து குவியும் மாதங்களில் கூட்டம் பெரிதாகும், வரட்சியில் சுருங்கும். நீங்கள் வாங்குவது கூட்டத்தின் வேலைத்திறன். தனித்தனி ஆட்களின் வருகைப் பதிவை வாங்கவில்லை.

நடைமுறையில் அந்தக் கூட்டத்தில் யார் யார்? எப்போதும் இருக்கும் நடுத்தண்டு ஒன்று: வேலையைத் திட்டமிட்டு உங்களோடு பேசும் லீட் ஒருவர், கையால் சோதிக்கும் டெஸ்டர் ஓரிருவர். தேவைப்படும்போது மட்டும் வந்து போகிறவர்கள்: திரும்பத் திரும்பச் செய்யும் சோதனைகளை நிரலாக எழுதுகிறவர், ஆயிரம் பேர் ஒரே நேரம் நுழைந்தால் தாங்குமா என்று பார்க்கும் வேகச் சோதனைக்காரர், பாதுகாப்பைச் சோதிப்பவர். சிறிய கம்பனி ஒன்றுக்கு வேகச் சோதனைக்காரர் வருடத்தில் பத்து நாள் தேவைப்படலாம். அதற்காக ஒருவரைப் பன்னிரண்டு மாதம் சம்பளத்துக்கு வைப்பது வீண் செலவு. அந்தப் பத்து நாளும் ஆளே இல்லாமல் விடுவதோ ஆபத்து. சேவை என்ற ஏற்பாட்டின் உண்மையான லாபம் இங்கேதான் கிடக்கிறது. ஆள் மலிவு என்பது இரண்டாம் பட்சம்; பல நேரம் மலிவும் கிடையாது.

இதுவரை: சேவை என்பது மாறாத நடுத்தண்டும், வந்து போகும் கைகளும் சேர்ந்த ஒரு கூட்டம்.

எது நெகிழலாம், எது நெகிழக் கூடாது?

"எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம்" என்பதை அப்படியே நம்புகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

புதிய பதிப்பை வெளியிடுவதற்கு ரிலீஸ் என்று பெயர். ரிலீஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது "இன்னும் நான்கு பேரைப் போடுங்கள்" என்று போன் வரும். போட்டால் என்ன ஆகும்? புதியவர்களுக்குக் கணக்குத் திறக்க வேண்டும், செயலி என்ன செய்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவர் தன் சோதனையை நிறுத்த வேண்டும். நான்கு பேர் கூட்டத்தில் ஒருவரோடு ஒருவர் பேசும் சோடிகள் 6; எட்டுப் பேரானால் 28. புதியவர்கள் எழுதும் பக்குகளில் பாதி ஏற்கெனவே எழுதியவை. ஐபிஎம் கம்பனியின் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருள் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், பிந்திய வேலைக்கு ஆள் கூட்டினால் அது இன்னும் பிந்தும் என்று 1975இலேயே எழுதிவிட்டார். இன்றைக்கும் அதே கதை.

கூட்டத்தை நல்லபடி கூட்டுவதற்கு முன்னறிவிப்பு வேண்டும். குறைந்தது இரண்டு வாரம். ஒரு மாதிரிக் கணக்கு: சாதாரண மாதத்தில் லீட் பாதி நேரம், டெஸ்டர் இருவர் முழு நேரம். ரிலீஸ் மாதத்தில் மூன்றாவது டெஸ்டர் இரண்டு வாரம் முன்பே சேர்கிறார், வேகச் சோதனைக்காரர் ஐந்து நாள். ரிலீஸ் முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி இருவர். அந்த ஒரு வாரம் எதற்கு என்றால், வெளியான பிறகு பயனர்களிடமிருந்து வரும் முறைப்பாடுகளைப் பிடிக்க.

கைகள் கூடிக் குறையலாம். குறையக் கூடாதது கூட்டத்தின் ஞாபகம். "அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டால் இந்தத் திரை சேமலாப நிதியைப் பிழையாகக் கழிக்கும், போன வருடம் இரண்டு தடவை திருத்தினார்கள், மறுபடி வரும்" என்று தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருக்கிறாரா? அவர் தலையில் மட்டும் இருக்கிறதா, எழுதியும் இருக்கிறதா? டெஸ்ட் கேஸை எழுதி வைப்பது என்று முன்னே சொன்னது இதற்காகத்தான். ஆள் மாறலாம், எழுத்து நிற்கும். மாதத்துக்கொரு புது முகத்தை அனுப்பும் சேவை, எத்தனை பேரை அனுப்பினாலும், ஒவ்வொரு மாதமும் முதல் மாதமாகவே இருக்கும்.

பழைய நிரையை மறுபடி பார்ப்பது

ஒன்றைத் திருத்தும்போது வேறொன்று கெட்டுவிடுவது மென்பொருளின் குணம். அதனால் ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன்னர் ஏற்கெனவே நன்றாக இருந்ததையும் மறுபடி சோதிக்கிறார்கள். இதற்கு ரிக்ரெஷன் என்று பெயர். 300 டெஸ்ட் கேஸ், ஒன்றுக்கு 5 நிமிடம் என்றால் 25 மணித்தியாலம். ஒருவருக்கு மூன்று நாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ் என்றால் இதிலேயே காலம் போய்விடும். இப்படித் திரும்பத் திரும்ப வருவதை நிரலாக எழுதி இயந்திரத்திடம் விடுவது ஓட்டோமேஷன். செலீனியம், பிளேரைட் போன்ற கருவிகள் இதற்கு இருக்கின்றன.

எல்லாவற்றையும் ஓட்டோமேட் செய்ய நினைப்பது பணத்தைப் பாழாக்கும் வழி. வாரத்துக்கு வாரம் முகம் மாறும் திரைக்கு நிரல் எழுதினால், சோதிப்பதை விட அந்த நிரலைத் திருத்துவதே வேலையாகிவிடும். உள்நுழைவு, நிறுவைப் பதிவு, சம்பளக் கணக்கு என்று அடிக்கடி மாறாத, பிழைத்தால் காசு போகும் பாதைகளில் தொடங்குவது நல்லது. காரணமில்லாமல் ஒரு நாள் சரி, ஒரு நாள் பிழை என்று காட்டும் சோதனைகளை உடனே திருத்த வேண்டும்; அல்லது தூக்கிவிட வேண்டும். சும்மா கூவுகிற சங்குக்குப் பழகிய காது, நெருப்புப் பிடித்து ஊதினாலும் அசையாது.

எங்கே கெடுகிறது?

முதல் இடம், காசு கொடுக்கும் விதம். "கண்டுபிடிக்கும் பக்குக்கு இவ்வளவு" என்று பேசினால் மலைபோல பக் வந்து குவியும். பொத்தானின் நிறம் கொஞ்சம் மங்கல், முற்றுப்புள்ளி இல்லை, இரண்டு எழுத்துக்கு நடுவில் இடைவெளி அதிகம். மூன்று மணி நேரம் தோண்டினால் மட்டும் அகப்படும் இரட்டைப் பதிவு பக்கைத் தேட யாருக்கும் மனம் வராது. கிலோவுக்குக் கூலி என்றால் முத்தல் இலையும் கூடைக்குள் வருவது போலத்தான். ஓடிய டெஸ்ட் கேஸ் எண்ணிக்கைக்குக் கொடுத்தாலும் இதே நிலை. ஒன்றை ஐந்தாக உடைத்து எழுதுவார்கள். ஒதுக்கிய ஆள்நாளுக்குக் கொடுத்துவிட்டு, வெளியான பிறகு பயனர் கையில் அகப்பட்ட பக் எத்தனை என்பதை மாதாமாதம் இருவரும் சேர்ந்து பார்ப்பதே ஓரளவு நேர்மையான அளவு. இந்தத் தப்பிய பக்குகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறதா என்பது ஒரே நாளில் தெரியாது. நான்கைந்து ரிலீஸ் ஆக வேண்டும்.

இரண்டாவது, சோதிக்கும் இடம். உண்மையான பயனர்கள் வேலை செய்யும் சேர்வரிலேயே சோதிக்கச் சொல்கிற கம்பனிகள் இன்னும் இருக்கின்றன. டெஸ்டர் போட்ட 9,999 கிலோ யாரோ ஒருவருடைய சம்பளத்தில் ஏறிவிடும். தனியான சோதனைச் சேர்வர் இல்லாமல் கியூ.ஏ. சேவையைத் தொடங்குவது வீண். ஒப்பந்தம் போடுமுன் இது தயாரா என்று கேட்க வேண்டும். அந்தச் சோதனைச் சேர்வருக்குள் உண்மைத் தொழிலாளர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கை அப்படியே நகலெடுத்துப் போடுவதும் கூடாது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், அடுத்தவர் சம்பளத்தை வெளியாள் பார்ப்பது முறையா? சோதனைக்கென்று கற்பனைப் பெயர்களும் எண்களும் செய்துகொள்ள ஒரு நாள் போதும்.

மூன்றாவது, எது சரியான விடை என்று எவரும் எழுதாமல் விடுவது. ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோ 18 என்று வைப்போம். தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும். ஒருவர் 17.9 கிலோ எடுத்தால் முழுப் பேரா, அரைப்பேரா? சாக்குப் பாரத்தையும் ஈரத்தையும் கழிப்பதற்கு முன்பா, பின்பா? தசமத்தை மேலே தூக்குவதா, கீழே வெட்டுவதா? டெஸ்டர் இதைக் கேட்கும்போது "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால், பிறகு பார்க்கப் போவது பெரட்டுக்களத்தில் நிற்கும் தொழிலாளி. நிரல் ஒரு வரி எழுதுமுன்னரே இப்படிக் கேள்வி கேட்டு விடை வாங்குவது கியூ.ஏ. வேலையில் ஆகப் பலன் தரும் பகுதி என்பது எங்கள் எண்ணம். ஆனால் அறிக்கையில் அதற்கு ஓர் எண் கிடையாது. அதனால் பாராட்டும் கிடைப்பதில்லை.

நான்காவது, பொறுப்பு. சேவை வாங்கியதோடு தரம் அவர்கள் தலையில் என்று நிரலாளர்கள் கையைத் துடைத்துக்கொண்டால் தரம் கீழேதான் போகும். வெளியிடலாமா வேண்டாமா என்ற முடிவு எப்போதும் பொருளின் சொந்தக்காரருடையது. "இன்ன இன்ன பக் திறந்திருக்கிறது, வெளியிட்டால் இன்னது நடக்கும்" என்று சொல்வது வரைதான் கூட்டத்தின் கடமை. அதைச் சொல்லும் தைரியம் அவர்களுக்கு இருக்க வேண்டும், கேட்கும் பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும்.

மலையகத்திலிருந்து செய்தால்

இந்த வேலைக்கு மடிகணினி, நம்பகமான இணையம், இரண்டு மூன்று விதமான போன், மின்சாரம் போனாலும் சில மணி நேரம் தாங்கும் பட்டரி ஆகியவை வேண்டும். தனி ஆளாகச் செய்கிறவருக்கு மழைக்காலத்தில் மின்கம்பி அறுந்தால் அன்றைய வேலை போச்சு. கூட்டமாக, ஒருவர் பண்டாரவளையில், ஒருவர் தலவாக்கலையில், ஒருவர் கண்டியில் என்று இருந்தால் எங்கோ ஓரிடத்தில் வெளிச்சம் இருக்கும். கூட்டம் என்ற அமைப்பு இந்த மலைகளுக்குப் பொருந்துவதற்கு இது ஒரு காரணம்.

நேரமும் உதவுகிறது. இங்கிலாந்தை விட நாங்கள் கோடையில் நாலரை மணித்தியாலமும் குளிரில் ஐந்தரை மணித்தியாலமும் முன்னால். லண்டனில் மாலை எழுதி முடித்ததை இங்கே காலை எட்டரைக்கு எடுத்தால், அவர்கள் ஒன்பது மணிக்கு வந்து உட்காரும்போது அறிக்கை மேசையில் இருக்கும். (நேரம் என்றதும் ஒன்று: இலங்கை 1996இல் இரண்டு முறையும் 2006இல் ஒரு முறையும் கடிகாரத்தை மாற்றியிருக்கிறது. பழைய பதிவுகளின் நேரத்தைக் காட்டும் செயலியைச் சோதிக்கும்போது அந்தப் பத்து வருடங்களில் ஒரு தேதியைப் போட்டுப் பாருங்கள்.)

தமிழ் தெரிந்த டெஸ்டருக்கு இன்னொரு பெறுமதி இருக்கிறது. அதை விற்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். "கொழுந்து" என்ற சொல் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது எட்டுக் குறி: க, ொ, ழ, ு, ந, ், த, ு. சில விசைப்பலகைகள் 'ொ'வை ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகப் பதியும்; அப்போது ஒன்பது. திரையில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. கோமதி என்ற பெயர் பட்டியலில் கண் முன்னே இருக்கும், தேடல் பெட்டி "இல்லை" என்று சொல்லும். குறுஞ்செய்தியிலும் இதே தொல்லை. ஆங்கிலத்தில் ஒரு செய்தி 160 எழுத்து, தமிழ் கலந்தால் 70 குறி. சம்பள விபரத்தைத் தமிழில் அனுப்பினால் ஒன்று இரண்டு மூன்றாகி, செலவும் அந்த அளவுக்கு ஏறும். மடுவத்தில் துண்டு அடிக்கும் சிறிய பிரின்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும். படமாக மாற்றி அனுப்பினால்தான் அச்சாகும். இவற்றைச் சோதிக்கத் தமிழை வாசிக்கத் தெரிந்த கண் வேண்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: ஐஎஸ்டிகியூபி என்ற அமைப்பின் அடிப்படைத் தேர்வு உலகெங்கும் ஏற்கப்படுகிறது. 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியானால் சித்தி. தேர்வு தாய்மொழியில் இல்லாதவர்களுக்கு 75 நிமிடம். சொற்களைக் கற்றுக்கொள்ள அது உதவும். ஆனால் தெளிவான ஒரு பக் அறிக்கையை எழுதிக் காட்டுவது சான்றிதழை விட அதிகம் பேசும்.

முதல் மாதமும் கடைசி நாளும்

சேவை நன்றாகத் தொடங்கினால் முதல் வாரத்தில் பக் ஒன்றும் வராது. கணக்குகள் திறப்பதும் கேள்வி கேட்பதுமாகப் போகும். இரண்டாம் வாரத்தில் முக்கியப் பாதைகளுக்கு டெஸ்ட் கேஸ் எழுதப்படும். மூன்றாம் நான்காம் வாரத்தில் முழுச் சுற்று ஒன்று ஓடும். ஓட்டோமேஷன் அதற்கும் பிறகு. முதல் நாளே பக் பட்டியல் கேட்கிற கம்பனிக்கு முற்றுப்புள்ளி, நிறம் வகையறாதான் கிடைக்கும்.

ஒப்பந்தம் எழுதும்போது எல்லோரும் விலையையும் ஆள் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். கடைசி நாளை யாரும் பார்ப்பதில்லை. சேவை முடியும் நாளில் எழுதிய டெஸ்ட் கேஸ் அனைத்தும், ஓட்டோமேஷன் நிரலும் அதை ஓட்டும் குறிப்பும், திறந்திருக்கும் பக் பட்டியலும் உங்கள் கைக்கு வர வேண்டும். அவர்களுக்குக் கொடுத்த கடவுச்சொற்கள் அன்றே மாற வேண்டும். புதிய கூட்டத்தோடு பழைய லீட் மூன்று நாளாவது உட்கார்ந்து பேச வேண்டும். அந்த மூன்று நாளுக்கான காசை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால், அவர் வேறொரு மலையில் நிரை பிடித்திருப்பார்.